எந்த இடத்துத் தோல்?

எதிர்மனுதாரர் தரப்புச் சான்றாவணம் 3 என்று குறியிடப்பட்ட அந்தத் தாளில் இரண்டே வரிதான். பரிசோதனைக்கு வந்த பொருள்: தோல் சுரண்டல். கே.ஓ.எச். பரிசோதனையில் பூஞ்சை இழைகள் காணப்பட்டன. மேலே திண்டுக்கல் ஆய்வகம் ஒன்றின் பெயர், நோயாளியின் பெயர், வயது 40, ஆண். கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. தோல் பதனிடும் ஷாப்பில் பல வருடம் குரோம் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்த ஒருவருடைய இழப்பீட்டு மனுவை மூடிவிட இது போதும் என்று நிர்வாகத் தரப்பு எண்ணியது. "கையில வந்திருக்கிறது படைங்கய்யா. நம்ம ஊர் வேர்வைக்குப் படை யாருக்குத்தான் இல்ல?" என்று அவர்களுடைய வக்கீல் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் சொன்னபோது அறையில் சிலர் சிரித்தார்கள். சொன்னவர் எனக்குச் சீனியர். குறுக்கு விசாரணையில் கெட்டிக்காரர். அவர் எதிரில் நிற்கிறார் என்றால் முதல் நாள் இரவு கூடுதலாக ஒரு மணி நேரம் வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டுத்தான் படுப்பேன்.

திண்டுக்கல்லைப் பூட்டாலும் பிரியாணியாலும் தெரிந்துவைத்திருக்கிறவர்களுக்கு இந்த ஊரின் தோல் தொழில் அவ்வளவாகத் தெரியாது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். தொட்டியில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டு, முழுதாக முடித்த தோலுக்கு ஊக்கம் கொடுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு குரோம் உப்பு பரவலாக வந்தது. டிரம்மில் போட்டுச் சுழற்றினால் ஒரு நாளில் வேலை முடியும். அந்த வேகத்துக்கு ஊர் கொடுத்த விலை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. வேலூரின் பெயரில் வந்த வழக்கு என்றாலும் அதன் உத்தரவுகள் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தையும் சேர்த்து ஐந்து மாவட்டங்களுக்குப் பொருந்தின. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கத்து 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கணக்கெடுத்தபோது, 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற தகவலும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலையும் பத்தாயிரம் ரூபாய் மாசு அபராதம் கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

கிணற்றுக்குக் கிடைத்த கவனம் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றவனின் கைக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கைகளைப் பற்றி முழு நாவல் எழுதியவர் எங்கள் ஊரில் வக்கீலாக இருந்த டி. செல்வராஜ். அவருடைய 'தோல்' நாவலுக்கு 2012-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நான் சொல்லும் வழக்கு அந்த நாவல் வருவதற்குச் சில வருடங்கள் முந்தையது.

சட்டத்தை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்போது அதன் பெயர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923. 2010 ஜனவரியில்தான் அது ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் ஆனது. விபத்தில் கை போனால் இழப்பீடு என்பது எல்லோருக்கும் தெரியும். தொழிலால் வரும் நோயும் விபத்தாகவே கருதப்படும் என்று அதன் 3(2) பிரிவு சொன்னது பலருக்குத் தெரியாது. எந்தெந்த நோய் என்பதற்கு மூன்றாம் அட்டவணை. அதன் 'பி' பகுதியில் குரோமியத்தால் வரும் நோய்கள் இருந்தன. அதே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் அந்த வேலை பார்த்திருந்தால் போதும். நோய் வேலையால்தான் வந்தது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை முதலாளியுடையது. இ.எஸ்.ஐ.யில் பதிந்த தொழிலாளியாக இருந்தால் இந்த வழியில் வர முடியாது, அதற்குத் தனி வழி உண்டு. என் கட்சிக்காரர் வேலை பார்த்தது சின்ன ஷாப். பதிவேட்டில் இருந்த ஆள் எண்ணிக்கை இ.எஸ்.ஐ. வரம்பைத் தொடவே தொடாது. எப்படித் தொடாமல் போனது என்பது தனிக்கதை. இந்த வழக்கில் அது எங்களுக்கு உதவியதால் நான் அதைக் கிளறவில்லை.

ஆகவே சான்றாவணம் 3 என்ன செய்ய வந்தது என்பது தெளிவு. சட்டத்தின் அனுமானத்தை உடைக்க வந்தது. கையில் இருப்பது பூஞ்சை என்றால் குரோமியம் குற்றவாளி இல்லை. மனு அங்கேயே தள்ளுபடி.

என் கட்சிக்காரர் அதிகம் பேசமாட்டார். வந்தால் கைகளை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு உட்காருவார். இரண்டு புறங்கைகளும் மணிக்கட்டைத் தாண்டி நாலு விரல் உயரம் வரை யானைத் தோல் மாதிரி தடித்துக் கறுத்திருந்தன. விரல் மடிப்புகளில் வெடிப்பு. குளிர்காலத்தில் வெடிப்பிலிருந்து ரத்தம் கசியும் என்றார் அவர் சம்சாரம். சோறு பிசைய முடியாமல் கரண்டியில்தான் சாப்பாடு. ஷாப்பில் கொடுத்த ரப்பர் கையுறை கிழிந்துபோய், அதற்குள் தண்ணீர் புகுந்து, கை நாள் முழுக்க அந்தத் தண்ணீரிலேயே ஊறும். நிர்வாகம் அனுப்பிய டாக்டரிடம் போனதையும், அவர் ஆய்வகத்துக்குச் சீட்டு எழுதியதையும் அவரே சொன்னார். எதையும் மறைக்கிற ஆளாகத் தெரியவில்லை.

ஆனால், "எங்கண்ணே சுரண்டி எடுத்தாங்க?" என்று நான் கேட்டதும் வாய் மூடிக்கொண்டது. சம்சாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா புரிந்துகொண்டு வெளியே போய் வராந்தாவில் நின்றார். அதற்கப்புறமும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "தொடை இடுக்குலய்யா. அங்கயும் ரொம்ப நாளா படை இருந்துச்சு. டாக்டர் எல்லாத்தையும் காட்டச் சொன்னாரு. காட்டினேன்" என்றார்.

"கையில எடுக்கலையா?"

"கையைப் பாத்தாங்க. எடுக்கல."

வெட்கம் அவரை இவ்வளவு நாள் பேசவிடாமல் வைத்திருந்தது. எதிர்த்தரப்பு அதைத்தான் நம்பியிருந்ததா, அல்லது அவர்களுக்கே தெரியாதா என்பதை இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். 'தோல் சுரண்டல்' என்று எழுதியிருந்தால் படிக்கிறவர் வழக்கில் எந்தத் தோல் பேசப்படுகிறதோ அந்தத் தோலாகவே அதை எடுத்துக்கொள்வார். நிர்வாகமும் படித்தது, சீனியரும் படித்தார்.

அதன் பிறகு நான் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருந்தது. மதுரையில் எனக்குப் பழக்கமான தோல் டாக்டர் ஒருவர் ஒரு மாலை முழுக்க உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். படர்தாமரை வட்டமாகப் பரவும். நடுப்பகுதி ஆறிவரும், ஓரம்தான் உயிரோடு முன்னேறும். ஆகவே அந்த ஓரத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, மழுங்கிய கத்தியால் செதிலைச் சுரண்டி எடுக்க வேண்டும். கண்ணாடித் துண்டில் வைத்து, கே.ஓ.எச். என்கிற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பத்திலிருந்து இருபது சதவீதக் கரைசலில் ஒரு சொட்டு விட வேண்டும். நகம் என்றால் இன்னும் கெட்டியான கரைசல். பத்து இருபது நிமிடத்தில் தோலின் செல்கள் கரைந்து பளிங்காகிவிடும். பூஞ்சையின் சுவர் கரையாது. நுண்ணோக்கியில் பார்த்தால் கணுக்கணுவான இழைகள் கிளைவிட்டு ஓடுவது தெரியும். இதில் செலவு குறைவு, உடனே முடிவும் தெரியும்.

அதன் குறைகளையும் அவர் அப்படியே சொன்னார். செல்களின் ஓரத்தில் படியும் கொழுப்புப் படிகங்களைப் பூஞ்சை என்று கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பஞ்சு இழையும் ஏமாற்றும். மருந்து தடவிய தோலில் பூஞ்சை இருந்தும் தெரியாமல் போகலாம். இழை தெரிந்தாலும் அது எந்த இனம் என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. அதற்கு வளர்ப்பு ஊடகம் வேண்டும். பாரிஸில் ரேமோன் சபூரோ வகுத்த ஊடகத்தின் பெயர்தான் இன்றைக்கும் நம்மூர் ஆய்வகக் குழாய்களின் மேல் ஒட்டியிருக்கிறது. அதில் விதைத்துவிட்டு நான்கு வாரம் வரை காத்திருக்க வேண்டும். சிவப்புச் சாயம் விடுகிறதா, வித்துக்கள் எந்த வடிவம் என்று பார்த்துத்தான் இனத்தைச் சொல்வார்கள்.

அவர் சொன்னதில் இன்னொன்று என் குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டு ஏறியது. பூஞ்சை கைக்கு வந்தால் பெரும்பாலும் ஒரு கைக்குத்தான் வரும், இரண்டு காலிலும் ஒரு கையிலும் என்பது டாக்டர்களுக்கு நன்கு தெரிந்த அமைப்பு. என் கட்சிக்காரருக்கு இரண்டு கையும் ஒரே உயரத்துக்குப் பாழாகியிருந்தது. கையுறையின் விளிம்பு எங்கே முடிகிறதோ ஏறத்தாழ அங்கே நோயும் முடிந்திருந்தது.

அந்தத் தாளை எழுதியவரை விசாரிக்காமல் சான்றாகப் படிக்கக் கூடாது என்று ஆட்சேபித்தேன். கூடவே ஆய்வகப் பதிவேட்டையும் வரவழைக்க மனுப்போட்டேன். ஆவணத்தை நிரூபிக்க ஆய்வகக்காரரை முதலில் விசாரிக்க ஆணையர் அனுமதித்தார். வந்தவர் நடுத்தர வயது டெக்னீசியன். நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பயந்திருந்தார், ஆனால் பொய் சொல்கிற முகம் இல்லை. இம்மாதிரி சாட்சியிடம் குரலை உயர்த்தினால் நமக்குத்தான் நட்டம்.

"சுரண்டி எடுத்தது நீங்களா?"

"நான்தான் சார்."

"கத்தியில் எடுத்தது ஓரத்திலிருந்தா, நடுவிலிருந்தா?"

"ஓரத்துலருந்து. அப்படித்தான் எடுக்கணும்."

"பார்த்தது பூஞ்சைதான் என்பதில் சந்தேகம் உண்டா?"

"இல்ல சார். நல்லாத் தெரிஞ்சது."

இதைக் கேட்டதும் சீனியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதிர்த்தரப்புக்கு வேண்டிய பதிலை நானே வாங்கிக்கொடுக்கிறேன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த கேள்விக்கு டெக்னீசியன் பதிவேட்டைப் புரட்டினார். வரிசை எண், தேதி, பெயர். கடைசிக் கட்டத்தில் பேனாவால் எழுதியிருந்ததைத் தயங்கிப் படித்தார். இடது தொடை இடுக்கு.

"கையிலிருந்து ஏதாவது எடுத்தீர்களா?"

"சீட்டுல கேக்கல சார். எடுக்கல."

பதிவேட்டில் இருந்தது அச்சடித்த தாளில் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர்களுடைய படிவத்தில் அதற்கு இடம் கிடையாதாம். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சர்க்கரையும் சிறுநீரும் பார்க்கும் ஆய்வகத்துப் படிவம் அது. ரத்தம் உடம்பில் எங்கே எடுத்தாலும் ரத்தம்தான், ஆகவே இடம் கேட்க அந்தப் படிவத்துக்குத் தோன்றியிருக்காது. தோல் அப்படியில்லை. பரிசோதனை சரியாக நடந்திருந்தது, முடிவும் உண்மை. தொடை இடுக்கில் பூஞ்சை இருந்ததா என்ற கேள்விக்கு அது உண்மையான பதில். எங்கள் வழக்கில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தோம். கையில் பூஞ்சை இருந்ததாகச் சாட்சியம் இல்லை, சரி. இல்லை என்பதற்கும் சாட்சியம் இல்லையே. கட்சிக்காரரை மதுரை அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அனுப்பினேன். பூசுகிற மருந்தெல்லாம் நிறுத்தி இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். பிறகு இரண்டு கைகளிலும் பல இடத்தில் சுரண்டி எடுத்தார்கள். கே.ஓ.எச்.சில் ஒன்றுமில்லை. வளர்ப்புக்கு வைத்ததில் நான்கு வாரம் கழித்தும் ஒன்றும் முளைக்கவில்லை. வாய்தாவுக்கு வாய்தா ஒரு மாதம் இழுக்கும் நம்முடைய வழக்கம் என் தொழில் வாழ்க்கையில் மருத்துவ அறிவியலோடு ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

அடுத்து ஒட்டுப் பரிசோதனை. பொட்டாசியம் டைகுரோமேட்டை அரை சதவீதம் வாசலினில் கலந்து முதுகில் ஒட்டி இரண்டு நாள் வைத்திருந்து எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கடுத்த நாட்களில் மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. சித்திரை வெயில். "குளிக்காம, வேர்வையைத் தொடைக்காம, குப்புறப் படுத்துக் கிடந்தாரு வக்கீல் சார்" என்று அவர் சம்சாரம் சிரிப்பும் அலுப்புமாகச் சொன்னார். டைகுரோமேட் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து தடித்துச் சின்னக் கொப்புளங்கள் விட்டிருந்தது.

அந்தப் பிரிவின் டாக்டரம்மாவைச் சாட்சிக்கு அழைத்தோம். இங்கேதான் சீனியர் தன் தரத்தைக் காட்டினார். ஆவணம் 3 கைவிட்டுப் போனதும் அவர் அதை வேறு பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.

"டாக்டர், உடம்பில் ஓர் இடத்தில் பூஞ்சை இருந்தால் அதற்கு எதிராக உடம்பு கிளப்பும் ஒவ்வாமை கையில் வெடிக்கலாம், இல்லையா? இட் ரியாக்ஷன் என்று சொல்வீர்களே?"

"ஆமாம்."

"அப்படி வந்தால் கையில் சுரண்டிப் பார்த்தால் பூஞ்சை தெரியாது?"

"தெரியாது."

"அப்படியானால் கையில் பூஞ்சை இல்லை என்ற உங்கள் ரிப்போர்ட், தொடையில் இருந்த பூஞ்சைதான் காரணம் என்பதோடும் பொருந்தும்?"

"அந்த ரிப்போர்ட் மட்டும் இருந்தால் பொருந்தும்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மருத்துவத்தில் அது உண்மையான வாதம். வெறும் வக்கீல் சாமர்த்தியம் என்று தள்ள முடியாது. அந்த அம்மா 'மட்டும்' என்ற சொல்லை அழுத்திச் சொன்னதுதான் எனக்கு ஆறுதல். மறுவிசாரணையில் அதையே விரிக்கச் சொன்னேன். அந்த வகை ஒவ்வாமை பெரும்பாலும் விரல்களின் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கொப்புளங்களாக வரும், மூலமான பூஞ்சை ஆறினால் அதுவும் ஆறும் என்றார். இவருக்குக் கொப்புளம் இல்லை, வருடக்கணக்கில் தடித்த தோல். அது இருந்ததும் புறங்கையிலும் மணிக்கட்டுக்கு மேலும்.

ஆறியதா என்ற கேள்விக்கு விடை நிர்வாகத்தின் காகிதங்களிலேயே இருந்தது. அவர்கள் அனுப்பிய டாக்டர் ஆறு வாரம் கிரிசியோஃபல்வின் மாத்திரை எழுதியிருந்தார். மருந்துக் கடைப் பில்களைக் கட்சிக்காரரின் சம்சாரம் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். தொடைப் படை அந்த மருந்தில் போய்விட்டது, கை அப்படியே இருந்தது. பிறகு வேடசந்தூர்ப் பக்கம் மாமனார் ஊரில் ஒரு மாதம் போய் இருந்தபோது மருந்தே இல்லாமல் கை பாதி தேறியது. ஷாப்புக்குத் திரும்பிய வாரமே பழையபடி. இதையெல்லாம் அவர் வாயால் சொன்னால் வாய்ப்பேச்சு என்பார்கள். ஷாப்பின் வருகைப் பதிவேட்டில் அந்த ஒரு மாதத்துக்கும் வரிசையாக 'ஆப்சென்ட்' விழுந்திருந்தது. அதை அவர்கள் தாக்கல் செய்தது வேறு காரணத்துக்கு, ஆள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை என்று காட்ட. பில் தேதிகளையும் வருகைத் தேதிகளையும் ஒரே தாளில் பக்கம்பக்கமாக எழுதி ஆணையரிடம் கொடுத்தேன். அந்த ஒரு தாளுக்காக நான் பட்ட சிரமம் மொத்த வாதத்துக்கும் படவில்லை.

சீனியர் கையில் இன்னொரு அம்பும் இருந்தது. ஷாப்பில் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம், முதுகில் ஒட்டியது ஆறு இணைதிறன் கொண்டது, இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்டார். வேதியியல் படித்த யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டாக்டரம்மா அசரவில்லை. ஆறாவது வகை தோலுக்குள் எளிதாகப் புகும், அதனால்தான் பரிசோதனைக்கு அதை எடுக்கிறார்கள். உள்ளே போனதும் அது மூன்றாவது வகையாக மாறித்தான் உடம்பின் புரதத்தோடு ஒட்டி ஒவ்வாமையைக் கிளப்புகிறது. வெடித்துப்போன கைக்குள் மூன்றாவது வகை நேரடியாகவே புகுந்துவிடும் என்றார். ஆணையர் பேனாவை வைத்துவிட்டு, தட்டச்சருக்கு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி எழுதவைத்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சக வக்கீல்கள் கேட்பார்கள். மூன்றாம் அட்டவணையின் அதே 'பி' பகுதியில் பௌதிக, வேதியியல், உயிரியல் காரணிகளால் வரும் தோல் நோய்கள் என்று பொதுவாகவும் ஓர் இனம் இருந்தது. பூஞ்சையும் உயிரியல் காரணிதானே? நாளெல்லாம் ஈரத்தில் நிற்கிறவனுக்கு வந்த படை என்று மாற்று வாதமாக வைத்திருக்கலாம். 'ஏ' பகுதியிலோ விலங்குகளின் உடலையும் அவற்றின் பாகங்களையும் கையாளும் வேலையில் தொற்றும் நோய்கள் இருந்தன, அவற்றுக்கு ஆறு மாதக் கணக்குகூட இருக்கவில்லை. கால்நடையிலிருந்து மனிதனுக்குத் தாவும் பூஞ்சை இனங்கள் உண்டு என்பதும் உண்மை. எழுதிப் பார்த்தேன், பிறகு கிழித்துப்போட்டேன். குரோமியம், இல்லாவிட்டால் பூஞ்சை என்று இரண்டு குதிரையில் ஏறினால், சீனியர் இரண்டாவது குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தே முதல் குதிரையைக் கவிழ்த்துவிடுவார். இன இனமாகப் பிரித்துச் சொல்ல வளர்ப்புப் பரிசோதனையும் தொடைப் படைக்கு நடந்திருக்கவில்லை. பூஞ்சையே முதன்மை நோயாக இருக்கும் தொழிலாளி வந்தால் அந்த வாதத்தை எடுக்கத் தயங்கமாட்டேன்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும் கட்டில் சேர்த்திருந்தேன். ஆணையர் அதைப் புரட்டிவிட்டு, கிணறு கெட்டது இந்த ஆளின் கை கெட்டதற்குச் சான்றாகாது என்றார். அவர் சொன்னது சரி.

மிச்சமிருந்தது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்ற கணக்கு. குரோமியம் ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அநேகமாக ஆயுளுக்கும் ஒத்துக்கொள்ளாது. ஷாப்பை விட்டால் திண்டுக்கல்லில் அந்த வயது ஆளுக்குக் கைக்கெட்டும் வேலை கட்டட வேலை. சிமென்டிலும் குரோமியம் இருக்கிறது. கொத்தனார் கையில் வரும் கரப்பானுக்கு உலகெங்கும் தெரிந்த காரணம் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜனவரியிலிருந்து சிமென்டில் கரையும் ஆறாவது வகைக் குரோமியத்தைப் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் விடக்கூடாது என்று தடுத்ததும் அதனால்தான். சித்தாள் வேலைக்குக்கூட இவர் போகக் கூடாது என்றார் டாக்டரம்மா. தோல் செருப்பையே பார்த்துப் போட வேண்டிய ஆள். நாற்பது சதவீதம் என்று மதிப்பிட்டுச் சான்றளித்தார்.

இப்போதும் படை சம்பந்தப்பட்ட காகிதங்கள் என் மேசைக்கு வருகின்றன, ஆனால் வேறு மாதிரி. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசி, அரிப்பு அடங்கியதும் நிறுத்தி, பிறகு உடம்பு முழுக்கப் பரவியவர்கள். ஸ்டீராய்டு பூசிய படை வட்ட வடிவத்தையே இழந்துவிடும். பார்த்தால் டாக்டரையே குழப்பும். 2018 மார்ச்சில் மத்திய அரசு இம்மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்தக் கடையில் எப்படிக் கிடைக்கிறது என்று நான் எழுத வேண்டியதில்லை. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்ட இனம் வேறு வந்திருக்கிறது. வழக்கமான டெர்பினஃபைன் மாத்திரைக்கு அது பல சமயம் மசிவதில்லை. கே.ஓ.எச். ஒரு சொட்டில் அதை அடையாளம் காண முடியாது. ஆனாலும் மாதக்கணக்கில் மருந்து எழுதுவதற்கு முன் அந்த ஒரு சொட்டையாவது விட்டுப் பார்த்தார்களா என்றுதான் நான் முதலில் காகிதத்தில் தேடுகிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை.

உத்தரவு வந்தது. தொழில்சார் நோய் என்பதை ஆணையர் ஏற்றுக்கொண்டார். ஆய்வக அறிக்கை எந்த இடத்துத் தோலைப் பற்றியது என்பதைத் தனிப் பத்தியாகவே எழுதியிருந்தார். சதவீதத்தில் மட்டும் கை வைத்தார். ஈரமில்லாத வேலை பார்க்கத் தடையில்லை என்று சொல்லி நாற்பதை இருபத்தைந்தாக்கினார். மாதச் சம்பளம் 3,000. அதில் அறுபது சதவீதம் 1,800. நாற்பது வயதுக்கு அட்டவணை தரும் காரணி 184.17. பெருக்கினால் 3,31,506. அதில் கால்வாசி 82,877 ரூபாய், அதற்கு 12 சதவீத வட்டி. டாக்டரம்மாவின் கணக்கை ஏற்றிருந்தால் 1,32,602 வந்திருக்கும்.

நிர்வாகம் மேல்முறையீடு போகவில்லை. முதலாளி போவதானால் முழுத் தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்டியாக வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொன்னது. தொழிலாளிக்கு அந்த நிபந்தனை இருக்கவில்லை. அதனால் நாம் போகலாம் என்று கட்சிக்காரரிடம் சொன்னேன். அப்போது அவர் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தார். சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கையில் வெடிப்பு மூடியிருந்தது, தடிப்பு போகவில்லை. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, இதையே காட்டினால் இருபத்தைந்து எப்படிக் காணும் என்று கேட்கலாம், சட்டக் கேள்வியாகவே அதை எழுப்ப முடியும் என்று விளக்கினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "வேணாம்யா" என்றார். "மதுரைக்கு வாய்தா வாய்தாவா அலையணும். மில்லுல லீவு குடுக்க மாட்டாங்க."